கோழிக்கு வந்த கட்டியும் குரூப்பில் நீ போட்ட ஒரு வரியும்

கட்கி, செவ்வாய்க்கிழமை

மகன் விஜய்க்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் நான் சுகமாகத்தான் இருக்கிறேன், நீயும் ராஜியும் அங்கே எட்மன்டனில் சுகம் என்று உன் அக்கா கீர்த்தி சொன்னாள், அதனால் தனியாக விசாரிக்கவில்லை. அன்புள்ள என்று ஆரம்பித்து அடித்துவிட்டேன், அடித்தது உனக்குத் தெரியும், தெரியட்டும். போனில் பேசினால் அம்மா கத்தாதே என்று கட் பண்ணிவிடுகிறாய், காகிதத்தைக் கட் பண்ண முடியாதே, அதற்காகத்தான் எழுதுகிறேன். மறைக்கல்வி வகுப்பில் ஜெபப் புத்தகத்தை எழுத்துக்கூட்டிப் படித்தாயே, அதே மாதிரி உட்கார்ந்து படி. புரியாத இடத்தில் ராஜியைக் கேள், புருஷன் லட்சணம் அவளுக்கும் தெரிய வேண்டாமா.

கோழி விஷயம்தான். உனக்குத் தெரிந்தது பாதி, அந்தப் பாதியை வைத்துக்கொண்டுதான் இத்தனை கூத்தும் ஆடினாய். மழை ஆரம்பித்த சமயம், முட்டைக்கு வந்திருந்த செவலை வெடைக்கோழி ஒரு காலை முன்னால் நீட்டி ஒரு காலைப் பின்னால் நீட்டிக் கிடந்தது. மோரி ஜாலியில், அந்தச் சாக்கடைக் கம்பி வலையில், கால் மாட்டிச் சுளுக்கியிருக்கும் என்று நினைத்து நல்லெண்ணெயைச் சுட வைத்துத் தடவினேன், தண்ணீரைப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தேன். அடுத்தது ஒன்றுக்குக் கண்மணி சாம்பல் பூத்துப் போனது, இன்னொன்றுக்குச் சிறகை விலக்கினால் தோலெல்லாம் முண்டு முண்டாக. போன வருஷம் கொண்டையில் பொரிப் பொரியாக அம்மை வந்தபோது மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் போட்டு எல்லாம் தேறிக்கொண்டனவே, இதுவும் அதுதான் என்று அதையே போட்டேன். கேட்கவில்லை. தின்ன தீனி எங்கே போனதென்று தெரியவில்லை, நெஞ்செலும்பு கத்தி மாதிரித் துருத்திக்கொண்டு நின்றது. செவலை செத்ததும் அறுத்துப் பார்த்தேன், ஈரல் ஊதிப் போய் வெள்ளை வெள்ளையாகக் கட்டி. பயந்துபோய்த்தான் உனக்கு வீடியோ போட்டுக் காட்டினேன். படித்த பிள்ளை, பார்த்து ஒரு வழி சொல்வான் என்று நம்பினேன் பார், என்னைச் சொல்ல வேண்டும்.

நீ என்ன செய்தாய்? அப்புறம் கூப்பிடுகிறேன் என்று வைத்துவிட்டு, போனில் எதையோ தேடிப் பார்த்து, குடும்ப குரூப்பில் போட்டாய். அம்மா கோழிகளுக்குக் கேன்சர் வைரஸ், அந்த வீட்டு முட்டையை யாரும் தொடாதீர்கள், ஸ்நேஹாவை அங்கே கூட்டிப் போகாதீர்கள் என்று. என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. நானும் அந்த குரூப்பில்தானே இருக்கிறேன், ஊரோடு சேர்ந்து நானும் படித்துத் தெரிந்துகொண்டேன். உன் ஜோசபின் பெரியம்மா இருக்கிறாளே, அவளுக்கு அது போதாதா, சாயங்காலத்துக்குள் சந்து முழுக்கப் பரப்பிவிட்டாள். வாரா வாரம் என்னிடம் முட்டை வாங்குகிறவர்கள் இப்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறார்கள். உங்கள் அப்பா தங்கராஜ் அம்யூனிஷன் ஃபாக்டரியில் வெடிமருந்தோடு வேலை பார்த்துவிட்டு வந்த காலத்தில்கூட இந்த வீட்டுக்குள் வர யாரும் பயந்ததில்லை.

உன் அக்கா அதற்கு மேல். பூசை முடிந்து ஞாயிறுதோறும் புருஷன் தினேஷும் பிள்ளை ஸ்நேஹாவுமாக வந்து சாப்பிட்டுவிட்டுத்தான் ஔந்தில் அவர்கள் வீட்டுக்குப் போவார்கள், அது நின்றுபோனது. நான் கொடுத்தனுப்பியிருந்த முட்டையை எல்லாம் சொசைட்டிக் குப்பையில் கொட்டினாளாம், அதையும் என்னிடமே சொல்கிறாள். ஒருநாள் வந்தாள், கேட்டுக்கு வெளியே மாஸ்க்கோடு நின்று பிஸ்கட் பாக்கெட்டைக் கம்பி வழியாக நீட்டினாள். காரில் ஸ்நேஹா உட்கார்ந்திருந்தது, இறங்க விடவில்லை. கூட்டில் கையை விட்டுச் சூடாக முட்டை எடுக்க ஓடி வருகிற பிள்ளை, கண்ணாடிக்குள்ளிருந்து கையை ஆட்டுகிறது. பிஸ்கட்டை நான் வாங்கவில்லை.

பிறகுதான் நானே ரிக்ஷா பிடித்து, செத்த கோழி ஒன்றை டப்பாவில் வைத்துக் கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். கேஷவ் என்று ஒரு டாக்டர், அறுத்துப் பார்த்தார், சாம்பிள் எடுத்து அனுப்பினார், ரிப்போர்ட் வந்த பிறகு உட்கார வைத்து விளக்கினார். இது கோழிக்குக் கோழி பரவுகிற வைரஸ், சிறகுத் தூசியில் பறந்து மூக்கு வழியாகப் போகும், நரம்பில் போனால் கால் இழுத்துக்கொள்ளும், ஈரலில் போனால் கட்டி, மருந்து கிடையாது, குஞ்சு பொரித்த அன்றே ஊசி போட்டிருந்தால்தான் உண்டு என்றார். மனுஷருக்கு என்று நான் கேட்டு முடிப்பதற்குள் மராத்தியில், மாவ்ஷி, மாணசாலா காஹி ஹோத் நாஹி, மனுஷருக்கு ஒன்றும் ஆகாது என்று அடித்துச் சொன்னார். நோய் கண்டதைத் தின்னாதே, சுண்ணாம்பு போட்டுப் புதை, நன்றாக இருக்கிற கோழியின் முட்டையைத் தாராளமாகச் சாப்பிடு, இப்போதைக்கு அடை மட்டும் வைக்காதே என்றார். கால் இழுத்ததுகளை வைத்து வதைக்க வேண்டாம் என்றும் சொன்னார். அதை நான்தான் செய்தேன். குழம்புக்கு எத்தனையோ அறுத்தவள்தான், அன்றைக்கு முடித்ததும் கூட்டுக்கு முன்னால் உட்கார்ந்து அழுதேன். அந்த நேரத்தில் நீங்கள் குரூப்பில் யாருக்கோ ஹேப்பி ஆனிவர்சரி போட்டுக்கொண்டிருந்தீர்கள்.

டாக்டர் சொன்னதைக் கீர்த்தியிடம் சொன்னால், தம்பி வேறு மாதிரி சொன்னானே என்கிறாள். கோழி வயிற்றுக்குள் கையை விட்டுப் பார்த்தவர் சொன்னது பொய், கனடாவில் போர்வைக்குள் படுத்துக்கொண்டு நீ சொன்னது வேதம். இப்போது பிள்ளைக்குப் புதுநன்மை வருகிறது, முதல்முறை நற்கருணை வாங்கப்போகிறது, கிறிஸ்துமஸுக்கு முன்னால். விருந்து பாட்டி வீட்டில்தான் என்று போன வருஷமே பேசி வைத்தது. அது ஔந்தில் ஹாலுக்குப் போய்விட்டது. அதுகூடப் பரவாயில்லை, அம்மா நீ முதல் நாளே எங்கள் வீட்டுக்கு வந்து குளித்துவிடு, இங்கிருந்தே ஹாலுக்குப் போகலாம், கட்டுகிற புடவையை நான் தருகிறேன், அந்த வீட்டுப் பெட்டியிலிருந்து எடுக்காதே என்கிறாள். பெற்றவளைப் பார்த்துச் சொல்கிற பேச்சா இது? அவள் வாயில் அதை வைத்தவன் நீ.

இன்னொன்றும் இருக்கிறது, இதைப் படிக்கும்போது ராஜி பக்கத்தில் இருந்தால் எழுந்து வேறு அறைக்குப் போ. புதுசாகக் கோழி எதையாவது கொண்டுவந்து சேர்த்தாயா என்று டாக்டர் கேட்டார். ஊசி போட்ட கோழிக்குள்ளும் இந்த வைரஸ் இருக்குமாம், அதை ஒன்றும் செய்யாதாம், அதன் சிறகிலிருந்து உதிர்ந்து பக்கத்தில் நிற்கிற ஊசி போடாத கோழியைக் கொல்லுமாம். எனக்கு அங்கேயே உறைத்தது. பிப்ரவரியில் என் பிறந்தநாளுக்கு லீவு கிடைக்கவில்லை என்று கூடை நிறையச் சாம்பல் நிறக் கோழி ஆர்டர் போட்டு அனுப்பினாயே, ஊசி போட்ட உசந்த ஜாதி அம்மா என்று பெருமை அடித்தாயே, அதற்குப் பிறகுதான் எல்லாம். அவை கொழுகொழுவென்று முற்றத்தில் நடக்கின்றன, நான் அடை வைத்துப் பொரித்து வளர்த்தவைதான் மண்ணுக்குள் போயின. டாக்டரிடம் நான் சொன்னது, கட்கி பஜாரில் நானே வாங்கினேன் என்று. கீர்த்தியிடமும் அதுதான், ஜோசபினிடமும் அதுதான். உன் கூடை வந்த அன்றைக்கு அவர்கள் யாரும் பார்க்கவில்லை, நல்லதாகப் போயிற்று. கண்ட இடத்தில் வாங்கிக் கொண்டுவந்து பிள்ளைக்கு ஆபத்து தேடினாயே என்று உன் அக்கா கேட்டாள், நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். போனை எடுத்து ஒரு வரி போட எனக்கும் தெரியும். பெற்ற பிள்ளையை நாலு பேர் முன்னால் நிறுத்த எனக்கு மனசு வரவில்லை. உனக்கு வந்தது.

இது கைக்குக் கிடைத்த அன்றே அதே குரூப்பில் எழுது, டாக்டரே சொல்லிவிட்டார், மனுஷருக்கு ஒன்றும் ஆகாது, நான் தெரியாமல் சொல்லிவிட்டேன், ஸ்நேஹாவை அம்மாவிடம் அனுப்பு என்று. எனக்குத் தனியாக சாரி எல்லாம் அனுப்பாதே. கோழி எங்கிருந்து வந்தது என்று மட்டும் எழுதிவிடாதே, தினேஷ் உன்னை மதிக்கமாட்டான். நீ எழுதவில்லை என்றால், கோயிலில் கடைசி பெஞ்சில் என் புடவையோடுதான் உட்காருவேன், பிள்ளை நன்மை வாங்குவதைப் பார்த்துவிட்டு பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிடுவேன். பாட்டி எங்கே என்று அது ஹாலில் கேட்டால், பதில் சொல்ல உனக்கு போன் போடும்படி கீர்த்தியிடம் சொல்லியிருக்கிறேன்.

அங்கே குளிர் ஆரம்பித்திருக்கும், காதை மூடாமல் வெளியே போகாதே, உனக்குக் காதுவலி சீக்கிரம் வரும். கோபத்தோடு கொடுத்தாலும் ஆசீர்வாதம் ஆசீர்வாதம்தான், மாதா உங்கள் இரண்டு பேரையும் கைவிடாமல் இருக்கட்டும். என் அடுத்த பிறந்தநாளுக்கு எதையும் அனுப்பாதே, முடிந்தால் நீ வா.

இப்படிக்கு,
உன் அம்மா
அந்தோணியம்மாள்