அவர் வருவது கதையில்தான்

22-7-66, வெள்ளி
ஆடிக்காற்று. பரளச்சி ஊர் மண் பாதி சோற்றில். துணி இரண்டு தடவை அலசல், இரண்டு தடவையும் புழுதி.

பத்திரிகைக் கார்டு. தபால்காரர் கிணற்றடியில் வைத்துக் கொடுத்தார், புண்ணியவான். புனைபெயரில் எழுதுவது வீட்டுக்குத் தெரியாது. தொடர்கதையின் கடைசி அத்தியாயம் உடனே வேண்டுமாம். பேய்க் காதலனை விரட்டிவிட்டு, கதாநாயகிக்கு நல்ல இடத்தில் கல்யாணம் செய்துவைக்க வேண்டுமாம். வாசகிகள் பயப்படுகிறார்களாம். பயப்படத்தானே எழுதுகிறேன்!

செய்ய: அடுப்புக்குப் பருத்திமார் ஒடித்து அடுக்க. மை வாங்க.

24-7-66, ஞாயிறு
கம்புப் பானைக்குள் ஒளித்த தாள்களை மதினி எடுத்து அண்ணனிடம் கொடுத்துவிட்டாள். அவன் எழுத்துக்கூட்டி வாசித்தான்: "நேற்றும் அவர் வந்தார். தலையெல்லாம் ஈரம். என் கையைப் பிடித்து, இன்னும் குளிருதுடி என்றார்."

"கதைண்ணே" என்றேன்.

"கதைன்னா ராசா வருவாரு, ராணி வருவா. இதுல 'நான்', 'நான்'னு நீயில்ல வார? செத்தவன் சுத்துறான். அவன அனுப்பாம இன்னொரு தாலி ஏறாது."

அதுதான் விஷயம். பந்தல்குடியில் பெண்டாட்டியை இழந்த ஒருவருக்கு என்னைப் பேசி முடித்திருக்கிறார்கள். என்னை ஒரு வார்த்தை கேட்டார்களா? செவ்வாய்க்கிழமை ரெட்டியபட்டி கோடாங்கி வருகிறான், பேய் ஓட்ட.

செத்த புருஷன்மேலும்தான் கோபம். லாரி கண்மாய்க்குள் கவிழ்ந்து ஒரு வருஷம். எத்தனை நாள் கூப்பிட்டு அழுதேன். ஒரு தடவை வந்தாரா? கதையில்தான் வருகிறார், அதுவும் நான் எழுதினால்.

26-7-66, செவ்வாய்
காலையிலேயே உட்காரவைத்துவிட்டார்கள். வேப்பிலை, மஞ்சள் தண்ணீர், காது கிழிய உடுக்கு. கோடாங்கி என் உச்சிமுடியை முறுக்கிப் பிடித்தான். அதை அறுத்துப் புளியமரத்தில் ஆணி அடித்தால் பேய் மரத்தோடு நின்றுவிடுமாம்.

"யாரு நீ? எதுக்கு இந்தப் புள்ளையப் பிடிச்சிருக்க?"

பேசுவதாகவே இல்லை. வலியில் வாய் தானாகத் திறந்தது. அவர் குரல் எனக்குத் தெரியாதா? லாரிச் சத்தத்துக்கு மேல் கத்திக் கத்திக் கட்டிப்போன குரல். அந்தக் குரலில் பேசினேன்.

"ஏலே, முடிய விடு! இவ எம் பொண்டாட்டி. எவனாவது தாலி கட்டுனா, கட்டுன கைய முறிச்சுப் போடுவேன்."

உடுக்கு நின்றது. அண்ணன் நெடுஞ்சாண்கிடையாக என் காலில்.

"மச்சான், மன்னிச்சிருங்க மச்சான். பந்தல்குடிக்கு ஆள் விட்டு வேணாம்னு சொல்லிர்றேன்."

மச்சானாம்!

நாங்களாகக் கட்டிக்கொண்டு இரண்டு வருஷம் டவுனில் குடியிருந்தோம். அவர் வேறு சாதி. அண்ணன் ஒரு நாள் எங்கள் வாசலை மிதித்தானா? பஸ்ஸில் எதிரே உட்கார்ந்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வான். பிணத்தைப் பார்க்கக்கூட வரவில்லை. எல்லாம் முடிந்தபின் என்னை மட்டும் இங்கே கூட்டிவந்தான். "உங்கண்ணன் ஒரு தடவ மச்சான்னு கூப்பிட்டாப் போதும்டி" என்பார். அதற்கு ஏங்கியே போய்ச் சேர்ந்தார். அழுகையை அடக்க முடியவில்லை.

27-7-66, புதன்
தாள்களை மதினி சாம்பிராணி காட்டித் திருப்பித் தந்தாள். மை அண்ணனே வாங்கி வந்தான். பத்திரிகைக்குக் கார்டு போட்டாயிற்று: பேயை விரட்டமாட்டேன், இஷ்டமிருந்தால் போடுங்கள்.

மத்தியானம் அண்ணன் தன் பக்கத்தில் இன்னொரு இலை போட்டுச் சோறு வைத்தான். "மச்சான், சாப்பிடுங்க."

பற்றிக்கொண்டு வந்தது. இலையைச் சோற்றோடு தூக்கி முற்றத்தில் எறிந்தேன். "இப்பத்தான் உனக்கு மச்சானா? வெக்கமா இல்லையாண்ணே?" என்று கத்தினேன், என் குரலில்.

அவன் கன்னத்தில் போட்டுக்கொண்டு மதினியிடம் சொன்னான்: "மச்சான் இன்னும் கோவமா இருக்காக."