ஏப்ரன் பாக்கெட்டில் வைத்த பேட்ஜ்

மார்ச் 20, வியாழன்

இன்னிக்கி ரயிலில் மாட்டினது ஜெனிட்டா. டிபன் பாக்ஸை சீட்டில் வைத்துவிட்டுக் கதவுப் பக்கம் போனாள். திரும்பி வருவதற்குள் பாக்ஸ் என் முந்தானைக்குள். பங்காருபேட்டை வரைக்கும் தேடினாள். லேடீஸ் பெட்டியே சிரிப்பு. அப்பால நான் "டோக்கன்!" என்று எடுத்து நீட்டினேன். இனி போண்டா அவள் செலவு.

எங்க கேஜிஎஃப்பில் தங்க மைன்ஸ் ஓடின காலத்து விளையாட்டு இது. ஷாஃப்டுக் குழிக்குள் இறங்குகிற ஒவ்வொருத்தருக்கும் ஒரு பித்தளை டோக்கன் உண்டு. அதை ஒளித்துவிட்டால் ஆளைக் கீழே இறக்குகிற கேஜில் ஏத்த மாட்டாங்க. பேய் மாதிரி தேடுவான். எங்க அப்பா இதில் கில்லாடி. மைன்ஸை மூடினாங்க, விளையாட்டை மூடலை.

ஜெனிட்டா கதவுப் பக்கம் போனது வாந்தி எடுக்கத்தான். "சாப்பாட்டு வாசனையே ஆவலக்கா" என்றாள். ரெண்டு பெத்தவளுக்குத் தெரியாதா? கண்ணடித்தேன். "யார்கிட்டயும் சொல்லாதக்கா, உனக்குப் புண்ணியமா போவும்" என்றாள். கல்யாணம் ஆகி மூணு வருஷம். அவள் மாமியார் மரியகுழந்தை வேளாங்கண்ணி வரைக்கும் நடந்து போய் வந்தவள்.

மார்ச் 21, வெள்ளி

ஜெனிட்டா லீவு. நாங்க வேலை செய்கிற எக்ஸ்ரே லேபில் பேச ஆள் இல்லை. அவள் டிப்ளமா படித்த டெக்னீஷியன், நான் மாப் போடுகிறவள். ஆனால் ரயிலில் இருந்து இறங்கி ஒண்ணாத்தான் நடப்போம்.

எக்ஸ்ரே ரூமுக்குள் வேலை செய்கிறவர்கள் நெஞ்சில் ஒரு பேட்ஜ் குத்திக்கணும். மேலே எவ்வளவு எக்ஸ்ரே பட்டது என்று அது பிடித்து வைத்துக்கொள்ளுமாம். மூணு மாசத்துக்கு ஒரு தரம் வெளியே அனுப்பி சோதிப்பார்கள். வீட்டுக்குப் போகும்போது எல்லாரும் போர்டில் மாட்டிவிட்டுப் போகணும். ஜெனிட்டா பேட்ஜ் தனியா தொங்கிக்கினு இருந்தது. என் கை சும்மா இருக்குமா?

சாயந்திரம் மெஷினை நிறுத்தி ராதிகா மேடம் கதவைத் திறந்துவிட்டார். உள்ளே மாப் போடும்போது சுவரில் ஈய ஏப்ரன் தொங்கியது. குழந்தையைத் தூக்குகிற கனம். எக்ஸ்ரே அதைத் தாண்டாதாம். முன்பக்கம் ஒரு பாக்கெட். அதில் போட்டுவிட்டேன். எக்ஸ்ரேயையே நிறுத்துகிற ஏப்ரன், பேட்ஜுக்கு அதைவிடப் பத்திரம் எது?

திங்கக்கிழமை ஓடுவா பாரு ஜெனி!

மார்ச் 25, செவ்வாய்

அவள் நேத்தும் வரலை, இன்னிக்கும் வரலை. தேட ஆள் இல்லாமல் டோக்கன் எதுக்கு? பேட்ஜை எடுத்து போர்டில் மாட்டிவிட்டேன். போண்டா போச்சு.

சனி, ஞாயிறு பூரா மெஷின் தானாகவே ஓடியதாம், எக்ஸ்ரேயைப் பிடித்துப் படமாக்குகிற புது சில்லைச் சோதிக்க. உதய் சாருக்குக் கண்ணெல்லாம் சிவப்பு, வாயெல்லாம் சிரிப்பு. அவர்தான் லேபுக்குப் பெரியவர். இன்னா சார் அப்படி இன்னா சில்லு என்று கேட்டேன். இப்ப ஆஸ்பத்திரியில் இருக்கிற சில்லு ஓட்டைக் குடம் மாதிரியாம், வருகிற எக்ஸ்ரேயில் பாதி வீணாகப் போகுமாம். இது ஒரு சொட்டும் விடாதாம். அப்போ கொஞ்சூண்டு எக்ஸ்ரே போதும், சின்னக் குழந்தைக்குக்கூட பயமில்லாமல் ஸ்கேன் எடுக்கலாம் ஐடம்மா, என்றார். அவருக்கும் ஒரு கைக்குழந்தை.

ஏப்ரல் 9, புதன்

ஜெனிட்டா லேபில் சொல்லிவிட்டாள். வயித்துல குழந்தை இருக்கிறவங்க மெஷின் ரூமுக்குள் போகக்கூடாது, ரூல். கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார வைத்துவிட்டார்கள். "ராணி மாதிரி உக்காந்துக்கினு இருக்க, நான் வந்து பெருக்கணுமா?" என்றேன். காலைத் தூக்கி வழி விட்டாள், சிரித்துக்கொண்டே.

ஏப்ரல் 20, ஞாயிறு

பாஸ்கா, ஈஸ்டர் பண்டிகை. ஆண்டர்சன்பேட்டைக் கோயிலில் மரியகுழந்தை எல்லாருக்கும் கேக் கொடுத்தாள். என் கையில் ரெண்டு துண்டு.

ஏப்ரல் 22, செவ்வாய்

ஜெனிட்டா பேட்ஜில் ஏதோ ஜாஸ்தியா வந்திருக்காம். ரூமுக்குள்ள கூப்பிட்டுப் பேசினாங்க. ரயிலில் அவளே சொன்னாள். நான் பாதிதான் கேட்டேன். மெஷின் கோளாறா இருக்கும்.

ஏப்ரல் 23, புதன்

இதை எழுதவே கை கூசுது.

காலையில் ரயிலில் எல்லாரும் சுத்தி உட்கார்ந்து அவளையே கேட்டார்கள். ஒரு வருஷம் பூரா படலாம் என்கிற அளவுக்கு மேலே மூணு மாசத்திலேயே பட்டிருக்காம். அவள் முகம் வாடிக் கிடந்தது. சிரிக்க வைக்கலாம்னு நான் சொன்னேன்: "விடுடி, இனிமே உன் வூட்டுல ராத்திரி லைட்டே வேணாம். குழந்தையும் குட்டி பல்பு மாதிரி வரும்."

பெட்டி பூரா சிரிப்பு. அவளும் சிரித்தாள். அப்புறம் கதவுப் பக்கம் போய் நின்றுக்கினாள். முதுகு குலுங்கியது. வாந்தி எடுக்கிறாள் என்று நினைத்தேன்.

மத்தியானம் டீ எடுத்துக்கொண்டு ஆபீஸ் ரூமுக்குள் போனேன். ராதிகா மேடம்தான் இந்த எக்ஸ்ரே பாதுகாப்புக்குப் பொறுப்பு. அவங்க ஜெனிட்டாவைக் கேட்டுக்கினு இருந்தாங்க. "நல்லா யோசிச்சுச் சொல்லு. பேட்ஜை மெஷின் ரூமுக்குள்ள எங்கயாச்சும் விட்டுட்டுப் போனியா?"

"இல்ல மேடம். ஒரு நாள்கூட இல்ல. சத்தியமா போர்டுலதான் மாட்டுவேன்."

அப்போதான் எனக்கு அந்த பாக்கெட் ஞாபகம் வந்துச்சி.

பாக்கெட்டு ஏப்ரனுக்கு வெளியே. ஈயத்துக்கு முன்னாடி. மெஷின் ரெண்டு நாள் ஓடிச்சி.

டீயை வெச்சிட்டு வந்துட்டேன். சக்கரை போட்டேனா தெரியல.

ஏப்ரல் 24, வியாழன்

சொல்லலை.

ரத்தம் எடுத்து எங்கேயோ அனுப்பியிருக்கிறார்களாம், பதில் வர நாளாகுமாம். டாக்டர், இந்த அளவுக்குப் பயம் குறைவு, ஆனாலும் எப்போ பட்டது எப்படிப் பட்டது என்று தெரியாமல் உறுதி சொல்ல மாட்டேன் என்று சொல்லிவிட்டாராம். மரியகுழந்தை, ஊனமாப் பிறந்து காலம் பூரா கஷ்டப்படறதுக்கு இப்பவே கலைச்சிடலாம், பாவம்னா அந்தப் பாவத்தை நான் சுமக்கறேன் என்று அழுகிறாளாம். வேளாங்கண்ணி வரைக்கும் நடந்தவள். ஜெனிட்டா புருஷன் நோயல் ரெண்டு பக்கமும் பேசலையாம். திங்கக்கிழமை ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லி இருக்கு.

எல்லாத்தையும் ஜெனிட்டாதான் சொன்னாள். என் தோளில் சாய்ந்துகொண்டு. என் தோளில்!

ஃபாதரிடம் பாவசங்கீர்த்தனம் பண்ணினால் போதும் என்று ஒரு மனசு சொல்லுது. ஃபாதர் வயித்துலயா குழந்தை?

ஏப்ரல் 25, வெள்ளி

ரயிலில் "ஐடாக்கா, இன்னா ரெண்டு நாளா ரேடியோ பாடல?" என்றார்கள். சும்மா இருந்தால் கேட்பார்களே என்று ஒரு ஜோக் சொன்னேன். சொல்லும்போதே என் வாயில் நானே அறைய வேண்டும் போல இருந்தது.

வீட்டுக்கு வந்து வால்டரிடம் சொன்னேன். என் புருஷன் மைன்ஸ் மூடும் வரைக்கும் கீழே வேலை செய்தவர், இப்போ ஒரு ஸ்கூலில் வாட்ச்மேன். என் ஜோக்குக்கு அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. சாப்பிட்டுக்கினே கேட்டார்.

"டோக்கன் எதுக்குன்னு நினைச்சிக்கினு இருந்த நீ? ஷிஃப்ட் முடிஞ்சி எவன் டோக்கன் போர்டுக்குத் திரும்பலையோ, அவன் இன்னும் கீழ கிடக்கறான்னு அர்த்தம். அவனைத் தேடிக்கினு நாலு பேர் உயிரைக் கையில புடிச்சிக்கினு இறங்குவான். ஒங்கப்பன் ஒளிச்சதெல்லாம் இறங்கறதுக்கு முன்னாடி. ஏறினப்புறம் எவனும் அதைத் தொட மாட்டான்."

"எனக்கு எப்படித் தெரியும்?"

"கேட்டியா?"

கேட்கலை. எங்கப்பா சிரித்ததை மட்டும் கேட்டேன்.

வேலை போயிடும் என்றேன். "போவும்" என்று சொல்லிவிட்டு எழுந்து கை கழுவினார்.

ஏப்ரல் 26, சனி

நந்திதுர்க் போனேன். ஜெனிட்டா வீட்டில் எல்லாரும் இருந்தார்கள். மரியகுழந்தை "வா ஐடா, நீயாச்சும் இதுகிட்ட ரெண்டு வார்த்தை சிரிக்கிற மாதிரி சொல்லு" என்று நாற்காலி போட்டாள். உட்காரவில்லை. நின்றுக்கினே சொல்லி முடித்தேன்.



மரியகுழந்தைதான் முதலில் பேசினாள். "இதுவும் தமாஷா?"

"இல்லக்கா."

"இவ வேலை போவக்கூடாதுன்னு நீயே கட்டிக்கினு வந்த கதையா? இல்ல நாங்க கலைக்கக் கூடாதுன்னா? நெசம்னு நம்பிப் பெத்து, அப்பால குழந்தை எப்படியோ பொறந்தா நீ வந்து வளப்பியா?"

மாதா மேலே சத்தியம் என்றேன். "போண்டாவுக்குக்கூடத்தான் நீ மாதா மேல சத்தியம் பண்ணுவ" என்றாள். உண்மைதான். பண்ணியிருக்கிறேன். ரயிலில் எத்தனையோ தரம்.

ஜெனிட்டா ஒண்ணே ஒண்ணு கேட்டாள். "எந்த ஏப்ரன்?"

"நீலம். ஓரம் கிழிஞ்சது."

அவள் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நோயல் தெருமுனை வரைக்கும் கூட வந்தான். "திங்கக்கிழமை ஆஸ்பத்திரி வேணாம்னு இப்போதைக்கு நிறுத்தி வைக்கிறேன். லேபில் சொல்லுங்க. அவங்க நம்பினா நாங்க நம்பறோம்" என்றான். ஆண்ட்டி என்று கூப்பிடுவான் எப்பவும். இன்னிக்கி கூப்பிடவில்லை.

ஏப்ரல் 28, திங்கள்

ராதிகா மேடமும் நம்பவில்லை. "நீங்க கேஜிஎஃப் ஆளுங்க எல்லாம் ஒரே ரயில், ஒரே குடும்பம் மாதிரி. அவளைக் காப்பாத்த நீ பழியைத் தூக்கி மேல போட்டுக்கற." கோபமாகக்கூட இல்லை. பாவப்பட்டுச் சொன்னார். எனக்கு அந்தப் பாவம் பொறுக்கலை. "நான் அவ்ளோ நல்லவ இல்ல மேடம்" என்று சொன்னேன். அழுதும்விட்டேன்.

இத்தனை வருஷம் எல்லாரையும் ஏமாத்தி ஏமாத்திச் சிரிச்சேன். இப்போ உண்மையைக் கையில வெச்சிக்கினு வீடு வீடா நிக்கறேன், வாங்க ஆள் இல்ல.

உதய் சார்தான், சண்டை எதுக்கு, செஞ்சி பாத்துடலாம் என்றார். மெஷின் அந்த சனி, ஞாயிறு எப்படி ஓடியது என்பது கம்ப்யூட்டரில் இருக்கு. ஜெனிட்டா அப்போ லீவு என்பதும் இருக்கு. இனிமேல் புது பேட்ஜ் ஒண்ணை அதே இடத்தில் வைத்து, மெஷினை அதே மாதிரி ஓட்டி, சோதனைக்கு அனுப்பணும்.

மே 2, வெள்ளி

மெஷின் ரூமுக்குள் எல்லாரும் நின்றார்கள். உதய் சார், ராதிகா மேடம், படிக்கிற பசங்க எல்லாம். மாப் இல்லாமல் நான் அந்த ரூமுக்குள் போனது அதுதான் முதல் தரம். கையில் புது பேட்ஜைக் கொடுத்து, "அன்னிக்கி எப்படி வெச்சியோ அப்படியே வை" என்றார்கள். நீல ஏப்ரன் அதே கொக்கியில். பாக்கெட்டை விரித்தேன். பேட்ஜ் கை நழுவிக் கீழே விழுந்தது. எடுத்து மறுபடியும் வைத்தேன். ஒரு பையன் போட்டோ எடுத்தான்.

ஜெனிட்டா கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கினு இருந்தாள்.

மே 6, செவ்வாய்

இன்னும் வரலை. மரியகுழந்தை கோயிலில் முட்டி போட்டே இருக்கிறாளாம். நானும் போனேன். தூரமா ஒரு தூணுக்குப் பின்னாடி.

மே 9, வெள்ளி

வந்துவிட்டது. புது பேட்ஜிலும் கிட்டத்தட்ட அதே அளவு. எக்ஸ்ரே பட்டது ஏப்ரன் மேலேதான், அவள் மேலே இல்லை.

அடுத்த வாரம் ரத்தச் சோதனையும் சுத்தம் என்று வந்துவிடும் என்கிறார் ராதிகா மேடம். ஜெனிட்டா போனில் மாமியாரிடம் சொன்னாள். போனில் இருந்து வந்த அழுகை வராந்தா வரைக்கும் கேட்டது. போனை வைத்துவிட்டு என்னைத் தாண்டிப் போனாள். ஈரத் தரை, வழுக்கும் என்று சொல்ல வாய் வந்தது. சொல்ல எனக்கு இன்னா உரிமை?

மே 12, திங்கள்

லேபுக்கு ஆள் அனுப்புகிற கான்ட்ராக்டர் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். நியாயம்தான். உதய் சார் வாசல் கேட் வரைக்கும் வந்தார். "நீங்க சொல்லாம இருந்திருக்கலாம் ஐடம்மா" என்றார். புகழ்ச்சியா அது? மூணு நாள் சொல்லாமல் இருந்தது அவருக்குத் தெரியாது. மூணு நாள் அவள் தலை என் தோளில் இருந்தது.

போர்டுக்கு இப்போ கண்ணாடிக் கதவும் பூட்டும் போட்டிருக்கிறார்கள்.

ஜூலை 3, வியாழன்

இங்கேயே கேஜிஎஃப்பில், மைசூர் மைன்ஸ் பக்கம் ஒரு ஸ்கூலில் சமையல் வேலை. ரயில் சத்தம் கேட்டால் உள்ளே போய்விடுகிறேன்.

நவம்பர் 5, புதன்

பெண் குழந்தை. வால்டர் கேட்டுக்கொண்டு வந்து சொன்னார். கை, கால், விரல் எல்லாம் சரியாம். அவர் எண்ணிப் பார்த்த மாதிரி சொன்னார்.

டிசம்பர் 7, ஞாயிறு

இன்னிக்கி பூசைக்கு அப்புறம் குழந்தைக்கு ஞானஸ்நானம். எங்களைக் கூப்பிடவில்லை. எப்பவும் போல கடைசி பெஞ்சு. முடிந்ததும் எல்லாரும் குழந்தையைச் சுத்தி. மரியகுழந்தை லட்டு கொடுத்துக்கினே வந்தாள். வால்டருக்குக் கொடுத்தாள். என் கையிலும் ஒண்ணு வைத்தாள், முகத்தைப் பார்க்காமல்.

கூட்டம் வெளியே போன பிறகு பார்த்தால், அவர்கள் உட்கார்ந்திருந்த பெஞ்சுக்குக் கீழே ஒரு சின்ன சாக்ஸ். என் கட்டைவிரலுக்குத்தான் போடலாம், அவ்ளோ சின்னது. முன்னாடி என்றால் அது இப்போ முந்தானைக்குள். ஆட்டோவரைக்கும் தேடவிட்டு...

எடுத்துக்கினு ஓடினேன். ஐம்பதை நெருங்குகிற உடம்பு, மூச்சு வாங்கியது. ஆட்டோ கிளம்பப் போகிறது. ஜெனிட்டா மடியில் குழந்தை, ஒரு கால் வெறுங்கால். நீட்டினேன்.

அவள் சாக்ஸைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். குழந்தைக்கு மாட்டிவிட்டாள். அப்புறம் குனிந்தபடியே, "இன்னாக்கா, ஒளிச்சி வெக்கலயா?" என்றாள்.

சிரித்துச் சொன்னாளா, குத்திச் சொன்னாளா, தெரியலை. நான் அந்தக் காலையே பார்த்துக்கினு இருந்தேன்.