பின்னிருக்கையில் அம்மா

பிப்ரவரி 9

படகுப் பந்தயத்தில் எனக்கு ஜோடியான ஜோவன் பனிச்சறுக்கில் விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். நான் நர்ஸாக இருக்கும் வார்டுக்கே வந்தாள். மாவுக்கட்டு போடும்போது வலியைவிடப் பந்தயத்தை நினைத்துத்தான் அழுதாள். ஜூனில் இங்கே வைட்ஹார்ஸிலிருந்து டாசன் வரை ஆற்றில் எழுநூறு கிலோமீட்டருக்கு மேல், இரண்டு பேர் துடுப்புப் படகு. இப்போது நான் மட்டும்.

அம்மாவிடம் போனில் புலம்பினேன். "நான் வரேன்" என்றாள். சிரித்துவிட்டேன்.

"எதுக்குடி சிரிக்கிற?"

"உனக்கு ஐம்பத்தெட்டு வயசும்மா. படகுல ஏறினதே இல்ல."

"நீ ரொம்ப ஏறிக் கிழிச்சிட்டியாக்கும்!"

உண்மைதான். வாடகைப் படகில் இரண்டு முறை, அதுவும் குளம் போன்ற தண்ணீரில்.

அம்மா டெஸ்லினில் நெடுஞ்சாலைப் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறாள். இருபத்தேழு வருடம். மார்ச்சோடு ஓய்வு. அதற்குப் பிறகு என்ன செய்யப்போகிறாள் என்று நான் கேட்டதில்லை. கேட்டால் நானும் ஒன்று சொல்ல வேண்டி வரும்.

பிப்ரவரி 10

சொல்லவில்லை. ஹாலிஃபாக்ஸ் ஆஸ்பத்திரியில் வேலை, செப்டம்பரிலிருந்து. நாட்டின் அந்தக் கோடி. எனக்கு நாலு வயதிலிருந்து நானும் அவளும் மட்டும்தான். எப்படிச் சொல்வது? கோழை.

மே 11

கரையோரப் பனிக்கட்டி போன வாரம்தான் விலகியது. பயிற்சியின் முதல் நாள். ஏறி நாற்பது அடி போவதற்குள் கவிழ்ந்தோம். தண்ணீர் நெஞ்சில் உதைத்தது, மூச்சே வரவில்லை. தலையைத் தூக்கினால் அம்மா இடுப்பளவு நீரில் நிற்கிறாள், ஒரு கையில் என் தொப்பி, ஒரு கையில் படகின் கயிறு.

"லாரிசா, பாத்ரூமுக்குள்ளயே குளிச்சிருக்கலாமே" என்றாள். உதடு நீலமாக இருந்தது. சிரித்துக்கொண்டிருந்தாள்.

மறுபடி ஏறினோம்.

மே 26

வாரம் தவறாமல் டெஸ்லினிலிருந்து இரண்டு மணி நேரம் வண்டி ஓட்டி வருகிறாள். பின்னிருக்கை அவளுக்கு, திசை திருப்புவது அவள் பொறுப்பு. முன்னால் நான், வேகம் கொடுப்பது என் பொறுப்பு. எட்டுத் துடுப்புக்கு ஒருமுறை "மாத்து!" என்று குரல் வரும். இருவரும் பக்கம் மாற்றுவோம். முகம் தெரியாது, குரல் மட்டும்.

இன்று பாலத்துக்குக் கீழே நான் நேராகப் போகலாம் என்றேன். "வேணாம், இடது பக்கம்" என்றாள். திருப்பினாள். யாரோ முதுகில் கை வைத்துத் தள்ளியது போல் படகு பாய்ந்தது. எங்களுக்கு முன்னால் போன மூன்று படகுகள் பின்னால் போய்விட்டன.

"உனக்கு எப்படித் தெரிஞ்சது?"

"பனிக்கு அடியில ரோடு எங்கன்னு இருபத்தேழு வருஷமா பாத்தவ நான். இது மேல மூடி இல்லாத ரோடு. அவ்ளோதான்."

வீட்டுக்கு வந்து வெகுநேரம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். சாப்பாட்டு மேசையில் எதிரே உட்கார்ந்து பைரோகிக் கொழுக்கட்டை தின்றவளா இவள்?

ஜூன் 9

ஏழு மணி நேரம் விடாமல். கடைசியில் தோள் என்னுடையது போலவே இல்லை. ஐந்தாவது மணி நேரத்தில், முன்னால் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொல்லிவிட்டேன். "அம்மா, நான் ஹாலிஃபாக்ஸ் போறேன். செப்டம்பர்ல."

துடுப்புச் சத்தம். ஆறு, ஏழு, எட்டு.

"மாத்து."

மாற்றினேன். அப்புறம்தான் சொன்னாள். "தெரியும்டி. அந்த ஆஸ்பத்திரிக் கடுதாசி பழைய விலாசத்துக்கு, என் தபால் பெட்டிக்குத்தான் வந்துச்சு. பிப்ரவரிலேயே."

"பிரிச்சியா?"

"உறை மேலயே ஆஸ்பத்திரி பேரு போட்டிருந்துச்சே. நான் என்ன முட்டாளா?"

பிப்ரவரி! அப்படியானால் 'நான் வரேன்' என்று சொன்னபோது — தெரிந்துதான் சொன்னாளா? திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் படகு ஆடும்.

ஜூன் 24

கொப்புளம் எல்லாம் காய்த்துவிட்டது. அம்மாவின் உள்ளங்கை முன்பே காய்த்ததுதான்.

ஜூன் 26, லபார்ஜ் ஏரியின் கடைசி முனை

இன்றே எழுதிவிட வேண்டும்.

நண்பகலில் பந்தயம் தொடங்கியது. நாலு மணிக்கு ஆற்றோடு ஏரிக்குள் நுழைந்தோம். ஐம்பது கிலோமீட்டர் நீளம், எதிர்க்கரை மலைகள் காகிதத்தில் வெட்டி ஒட்டியது போல. அவ்வளவு பெரிதின் ஓரமாக நாங்கள் ஒரு எறும்பு போல ஊர்ந்தோம். பயமாக இல்லை.

ஆறரைக்குக் காற்று வந்தது. வெள்ளை நுரை. கரையிலிருந்து இருநூறு மீட்டர் உள்ளே ஒரு படகு குப்புறக் கிடந்தது. பக்கத்தில் இரண்டு தலைகள்.

நான்தான் முதலில் பார்த்தேன். பார்த்துவிட்டு — எழுதித்தான் ஆக வேண்டும் — நான்கு துடுப்பு போட்டேன். ஐந்து போட்டேன். ஏரியின் முனையில் நேர வரம்பு உண்டு, எங்களுக்குக் கையில் சொற்ப நேரம்தான். பின்னால் வரும் யாராவது பார்ப்பார்கள் என்று நினைத்தேன். பிறகுதான் "அம்மா, அங்க ஆளு" என்றேன்.

சொல்லி முடிப்பதற்குள் படகு திரும்பிவிட்டது. அந்த அலையில் திரும்பக் கூடாது, பக்கவாட்டில் அடித்தால் நாங்களும் போவோம். இரண்டு அலைகளுக்கு நடுவில் இருந்த அந்த ஒரு பள்ளத்தைப் பார்த்துத் திருப்பினாள். அது எப்படி அவளுக்குத் தெரிந்தது என்று எனக்கு இந்த நிமிடம் வரை புரியவில்லை.

"ஏறக் கூடாது! கயித்தப் புடி! ஏறினா எல்லாரும் சாவோம்!" அந்தக் குரலை நான் கேட்டதே இல்லை. ஆல்பர்ட்டாக்காரர்கள், மச்சான் மாப்பிள்ளைகள். பெரியவன் கயிற்றைப் பிடித்தான். சின்னவன் பெயர் வேட், அவனால் பிடிக்க முடியவில்லை, விரல் மடங்கவில்லை. அம்மா குனிந்து அவனுடைய மிதவை அங்கியின் பின்பட்டையில் கயிற்றைக் கோர்த்து முடிச்சுப் போட்டாள். "இப்ப வலி லாரிசா. மாத்தாத. வலி."

அந்த இருநூறு மீட்டரை எப்படி வலித்தேன் என்று தெரியாது. அழுதுகொண்டே வலித்தேன்.

கரையில் என் முறை. வேட்டின் ஈரத்துணியைக் களைந்து, தூங்கும் பையில் திணித்து, அவன் நெஞ்சோடு நெஞ்சாக அவன் மச்சானைப் படுக்கவைத்தேன். அம்மா தீ மூட்டினாள். பிறகு தன் பூப்போட்ட கம்பளி உள்ளாடையைக் கொடுத்தாள். உடல் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தபோதும் வேட் அதை ஒரு தரம் பார்த்தான்.

"என்ன, நிறம் புடிக்கலயா?" என்றாள் அம்மா.

ஒரு மணி நேரத்தில் பந்தயக் காவல் மோட்டார் படகு வந்து அவர்களை ஏற்றிப் போனது. பிழைத்துக்கொள்வான்.

நாங்கள் முனைக்கு வந்தபோது நாற்பது நிமிடம் தாமதம். நேரம் பார்க்கும் பெண், "மன்னிச்சிருங்க, விதி விதிதான். உங்க படகு நம்பரைப் பட்டியல்லேருந்து எடுத்துட்டேன்" என்றாள். அவள் கண்ணும் கலங்கியது.

அம்மா அவளைக் கேட்டாள்: "பந்தயம் முடிஞ்சுது, சரி. ஆத்தையும் மூடிட்டீங்களா?"

ஜூன் 28

கார்மாக்ஸில் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் வாங்கினோம். ஆறு ஐந்தாகப் பிளந்து பாயும் ஐந்து விரல் பாறைகளை வலப்பக்கமாகக் கடந்தோம். அலை தலைக்கு மேல் வந்தது. அம்மா கத்தினாள், பயத்தில் இல்லை.

ஜூன் 30

தீயருகே உட்கார்ந்து சொன்னேன், அந்த ஐந்து துடுப்பைப் பற்றி.

"தெரியும்" என்றாள். "உன் தோள் ஒரு தரம் தடுமாறுச்சு. நான் உன் முதுகத்தான பாத்துட்டு வரேன். அந்தத் தலைங்களையும் பாத்தேன்."

"அப்ப நீ ஏன் திருப்பல?"

குச்சியால் தணலைக் கிளறினாள். "நீ பொறந்த வருஷம். மைனஸ் நாப்பது. ரோட்டோரம் ஒரு கார் நின்னுச்சு. பின்னால வர்ற வண்டிக்காரன் நிப்பான்னு நான் போயிட்டேன். பின்னால வண்டியே வரலடி. அந்த ஆளுக்கு ரெண்டு பாதமும் போச்சு. அதுக்கப்புறம் எந்தக் காரையும் நான் தாண்டிப் போனதில்ல." குச்சியைத் தீயில் போட்டாள். "நீயா சொல்றியான்னு பாத்தேன். சொன்னே."

ஜூலை 1

வெள்ளாறு வந்து கலந்த பிறகு நதி சாம்பல் நிறமாகிவிட்டது. துடுப்பை எடுத்து மடியில் வைத்தால் படகின் அடியில் ஒரு சத்தம். யாரோ மிக மெதுவாகச் சீறுவது போல. வண்டல், மலை மாவாகிப் போகிறது என்றாள் அம்மா. ஒரு மலை எங்களுக்குக் கீழே போய்க்கொண்டிருக்கிறது! காதைப் பலகையில் வைத்துக் கேட்டேன். திரும்பிப் பார்த்தால் அவளும் அப்படியே படுத்திருந்தாள், கண்ணை மூடி, வாய் லேசாகத் திறந்து. குழந்தை மாதிரி.

ஜூலை 3, டாசன்

கரையில் யாருமில்லை. பந்தயப் பதாகையைக்கூட அவிழ்த்துவிட்டார்கள். ஒரு நாய் வந்து படகை மோந்து பார்த்தது. அம்மா இறங்கினாள், கால் மடங்கிச் சேற்றில் உட்கார்ந்தாள், எழவில்லை. நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"வந்துட்டோம்ல" என்றாள்.

அக்டோபர் 19, ஹாலிஃபாக்ஸ்

அம்மா போன் செய்தாள். ஓரத்தில் பனிக்கட்டி கட்ட ஆரம்பித்துவிட்டதாம், நேற்றுத்தான் படகைத் தூக்கி வைத்தாளாம்.

"நேத்து வரைக்கும் யாரோட போன?"

"தனியா. இனிமே தனியாத்தான். அடுத்த ஜூனுக்குத் தனிப்படகுல பேர் குடுத்துட்டேன்."

"அம்மா! அந்த ஏரியைத் தனியாவா?"

"'மாத்து'ன்னு கூவுனா மாத்த ஆள் இல்ல, அதான் கஷ்டம். எனக்கே கூவிக்கிறேன்."

போனை வைத்த பிறகு தலைமை நர்ஸிடம் போய் ஜூன் கடைசி இரண்டு வாரம் விடுப்பு கேட்டேன். இவ்வளவு முன்னாலேயா, என்ன விசேஷம் என்றார்.

என் அம்மா ஆற்றில் வருவாள், நான் கரையில் நிற்க வேண்டும் என்றேன்.