அந்தம்மாவுக்கு அவன் பதில் சொல்லவில்லை

என் ஆசை அம்மாவுக்கு,

நல்ல செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்பா இருக்கிறார். பார்வை சற்று மங்கல், மற்றபடி நடமாட்டத்துக்குக் குறைவில்லை. நீ பெற்றுக் கொடுத்துவிட்டுப் போன யோசுவாவுக்குக் கல்யாணமாகி ஜெனி என்று ஒரு மனைவியும் கிருபா என்று ஒரு குட்டி மகளும் இருக்கிறார்கள். நான் திண்டுக்கல்லில், நீ பிறந்து வளர்ந்த பேகம்பூர்ப் பக்கமே வாடகைக்கு இருக்கிறேன். அப்பா என்னோடுதான்.

மற்றது எல்லாம் மனசைப் போட்டு அரிக்கிற செய்தி. ஒரு சினிமாவில் ஆரம்பித்தது.

உனக்குத் தெரிந்த கதைதான், ஆனால் இதைப் படிக்கிற மற்றவர்களுக்காக ஒருமுறை சொல்கிறேன். எனக்கு ஒன்பது வயதில் அப்பா மில் வேலையை விட்டார். வடமதுரைக்கு அந்தப் பக்கம் கரட்டுக்காட்டில் ஆண்டவர் தனக்கு ஓர் இடம் காட்டியிருக்கிறார் என்றார். நிறைமாசத்துக்குப் பக்கமாக இருந்த உன்னையும் என்னையும் நாலு ஆடுகளையும் கூட்டிக்கொண்டு போய் அங்கே கீற்றுக்கொட்டகை போட்டு ஜெபவீடு தொடங்கினார். முதல் மழைக்காலத்திலேயே யோசுவா பிறந்தான், நீ போய்விட்டாய். பிறகு ஒவ்வொரு குடும்பமாக வந்து, இன்று அது ஒரு ஊர். கான்கிரீட்டில் கோயிலும் கட்டியாகிவிட்டது.

வருஷா வருஷம் கோயிலின் அறுவடை விழாவில், அறுப்பின் பண்டிகையில், அப்பா எழுந்து சாட்சி சொல்வார். "என் மனைவி எனக்கு முன்னால சந்தோஷமா நடந்து வந்தா. ஸ்தோத்திரம்னு சொல்லிக்கிட்டே கண்ணை மூடினா." யோசுவா இதைக் கேட்டே வளர்ந்தான். தன்னைப் பெறுவதற்காகவும் அந்த ஊருக்காகவும் அம்மா மனமுவந்து உயிரைக் கொடுத்தாள் என்பதுதான் அவனுக்கு முதுகெலும்பு மாதிரி. அந்தச் சமயம் அவனும் அப்பாவைப் போலவே ஊழியம் செய்யக் கிளம்பிக்கொண்டிருந்தான். வடக்கே எங்கோ ஒரு மலைக்கிராமம். மனைவி பிள்ளையோடு. கிருபாவுக்கு அடிக்கடி மூச்சிரைப்பு வரும், அம்மா. பனி என்றால் நெஞ்சு விசிலடிக்கும். ஜெனி துணிகளை மடித்து மடித்து வைத்துக்கொண்டிருந்தாள்.

அப்படியிருக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் எல்லோரும் என் வீட்டில் சாப்பிட்டோம். யோசுவா பென் டிரைவில் ஒரு படம் கொண்டுவந்திருந்தான். தமிழில் பேசவைத்த கௌபாய் படம்.

"வாலிபர் கூட்டத்துல போட்டுக் காட்டுனோம்ப்பா. அப்படியே உங்க கதை. பாத்தே ஆகணும்" என்றான்.

வழக்கமான துப்பாக்கிச் சண்டை அதில் குறைவு. பக்தியுள்ள ஒரு குடும்பம், கூடாரம் போட்ட மாட்டுவண்டியில் பெரிய வேதப்புத்தகத்தை ஏற்றிக்கொண்டு ஆளில்லாத புல்வெளியில் போகிறது. ஆற்றுக்கு அப்பால் கர்த்தர் தங்களுக்கு நிலம் வைத்திருக்கிறார் என்று அந்த மனிதன் நம்புகிறான். குளிர்காலம் நெருங்குகிறது. வழியில் ஆட்கள் இருக்கிற கடைசி இடமாக ஒரு பட்டாளக் கோட்டை. அங்கே அவன் மனைவி அவன் கையைப் பிடித்துக்கொண்டு, பனி தீருகிற வரைக்கும் இங்கேயே இருந்துவிட்டுப் போகலாம், பிள்ளைகள் தாங்காது என்கிறாள். அவன் ஒன்றும் சொல்லாமல் மண்ணில் முழங்காலிட்டு ஜெபம் செய்கிறான். எழுந்து, "அவர் போகச் சொல்கிறார்" என்கிறான். அவள் வண்டியில் ஏறிக்கொள்கிறாள்.

யோசுவா அந்த இடத்தில் படத்தை நிறுத்தினான். "பாத்தீங்களா, இதான் விசுவாசம்" என்றான்.

அப்பா டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார். "அந்தம்மாவுக்கு அவன் பதில் சொல்லலையேடா" என்றார்.

"அவரு ஜெபம் பண்ணித்தானேப்பா சொன்னாரு?"

"நானும் அப்படித்தான் செஞ்சேன்." அப்பாவின் குரல் இறங்கிவிட்டது. "உங்கம்மா கேட்டா. பிள்ளை பொறக்கிற வரைக்கும் எங்கம்மா வீட்ல இருந்துக்கிறேன், பெரியாஸ்பத்திரி பக்கத்துல இருக்கு, அப்புறம் வாரேன்னு கேட்டா. ஒரு தடவை இல்ல, போற அன்னைக்குக் காலைல வரைக்கும் கேட்டா. நான் முழங்கால் போட்டேன். எந்திரிச்சு, ஆண்டவர் போகச் சொல்றாருன்னேன். அதுக்கு மேல அவ யாருகிட்டப் போய்ப் பேசுவா?"

யோசுவா அப்பா பக்கம் திரும்பினான். "அப்ப சந்தோஷமா முன்னால நடந்து வந்தாங்கன்னது?" என்றான்.

"நானாச் சொல்லிக்கிட்டது. முதல்ல எனக்குச் சொல்லிக்கிட்டேன். அப்புறம் எல்லாருக்கும்."

அடுக்களை வாசலில் கிருபாவை இடுப்பில் வைத்துக்கொண்டு ஜெனி நின்றிருந்தாள். "ஏங்க, நானுந்தான் கேட்டுக்கிட்டே இருக்கேன். பிள்ளைக்கு அங்க முடியலைன்னா எங்க ஓடுறதுன்னு. ஜெபம் பண்ணிட்டுச் சொல்றேன், ஜெபம் பண்ணிட்டுச் சொல்றேன்னே சொல்றீங்க."

யோசுவா பைக் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டான்.

அன்று ராத்திரி அப்பாவுக்குச் சோறு வைக்க என் கை வரவில்லை, அம்மா. ஜெனிதான் வைத்தாள். இத்தனை வருஷம் அவர் வேட்டியைத் துவைத்து, மருந்து வாங்கிக் கொடுத்து, அந்தச் சாட்சியை மற்றவர்களோடு உட்கார்ந்து கேட்டு அழுதும் இருக்கிறேன். நீ கேட்டது எனக்கு எப்படித் தெரியாமல் போனது? நான் தூங்கிய பிறகு கேட்டாயா? நாம் கிளம்பிய அன்று பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, பேகம்பூர் மறைகிற வரைக்கும் திரும்பிப் பார்த்தாயே. நீ வேடிக்கை பார்க்கிறாய் என்று நினைத்தேன்.

யோசுவா அப்பாவோடு பேச்சை நிறுத்தினான். அறுப்பின் பண்டிகை வந்தது. கரட்டுக்காட்டுக் கோயில் நிறைய ஜனம். வழக்கம்போல அப்பாவைச் சாட்சிக்குக் கூப்பிட்டார்கள். மைக்கைப் பிடித்தார்.

"பிள்ளை பொறக்கிற வரைக்கும் வரலைன்னுதான் அவ சொன்னா. நான்தான் கூட்டிட்டு வந்தேன். இதுவரைக்கும் நான் சொன்னது பொய்." அவ்வளவுதான். வந்து உட்கார்ந்துவிட்டார். பாஸ்டர் அவசரமாக ஒரு பாட்டைத் தொடங்கினார்.

விருந்துப் பந்தலில் சபை மூப்பர் ஒருவர் என்னை ஒதுக்கமாகக் கூப்பிட்டார். "பெரியவருக்கு வயசாயிருச்சு, தடுமாறுறாரு. நீயாவது அவரைச் செத்த பேசாம இருக்கச் சொல்லும்மா. இந்த ஊரே அந்தச் சாட்சியிலதான் நிக்குது" என்றார்.

அதனால்தான் இந்தக் கடிதத்தை நாலு பேர் பார்க்க எழுதுகிறேன். அப்பா தடுமாறவில்லை. நன்றாகத் தெளிந்துதான் சொன்னார். அவர்மேல் எனக்குக் கோபம் தீரவில்லை. ஆனாலும் அன்று வீடு திரும்பும்போது பஸ்ஸில் அவர் கையை நான்தான் பிடித்துக்கொண்டு வந்தேன். அது ஏன் என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை.

மறுநாள் சாயங்காலம் யோசுவா வந்தான். உட்காரவில்லை.

"அக்கா, அம்மா என்னையப் பாத்தாங்களா?"

அம்மா, இதை என்னிடம் யாரும் அதுவரை கேட்டதில்லை. சின்னப்பிள்ளைக்கு என்ன தெரியும் என்று விட்டுவிட்டார்கள். யோசுவா பிறந்து ரத்தம் நிற்காத அன்று, ஆஸ்பத்திரிக்கு உன்னை ஏற்றிக்கொண்டு போன பால்வண்டியின் பின்னால் உன்னோடு இருந்தது நான்தான். அப்பா முன்னால் டிரைவரோடு இருந்தார். ஓடையில் வெள்ளம், வண்டி நின்றுவிட்டது. தார்ப்பாயில் மழை கொட்டுகிற சத்தம். உன் சேலை பூராவும் ரத்தம். நான் பிள்ளையை மடியில் வைத்திருந்தேன்.

"பாத்தாங்கடா" என்றேன். "'என்ன பிள்ளை?'ன்னு கேட்டாங்க. தம்பின்னு சொன்னேன். கையை நீட்டி உன் காதைத் தொட்டுப் பாத்தாங்க. 'தலை நனையுது பாரு, மூடு'ன்னாங்க. அதான் கடைசி. ஸ்தோத்திரம்னெல்லாம் சொல்லலை."

அவ்வளவு பெரிய ஆள், என் வாசற்படியில் உட்கார்ந்து அப்படி அழுதான்.

இப்போது அவன் தனியாக அந்த மலைக்குப் போயிருக்கிறான், ஜெனியும் பிள்ளையும் என்னிடம் இருக்கிறார்கள். இடத்தைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிப் போனான். எப்போதாவதுதான் போன் கிடைக்கிறது. போன வாரம் பேசும்போது ஜெனி அதே கேள்வியைக் கேட்டாள், பிள்ளைக்கு முடியவில்லை என்றால் எங்கே ஓடுவது என்று. "ஜெபம்..." என்று தொடங்கினான். பிறகு நிறுத்திக்கொண்டான். லைன் கட்டாகிவிட்டதா, அவன்தான் பேசவில்லையா, எங்களுக்குத் தெரியவில்லை. ஜெனி போனைக் காதிலிருந்து எடுக்காமல் நின்றிருந்தாள். "மதினி, நான் கேக்குறது தப்பா?" என்றாள்.

தப்பில்லை என்றேன். உனக்கு அதைச் சொல்ல அன்று ஒருவரும் இல்லையே, அம்மா.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். ஜெனி கேட்டதற்கு யோசுவா தன் வாயால், தன் பதிலாகச் சொல்லும்வரை அவளும் பிள்ளையும் என் வீட்டில்தான் இருப்பார்கள். யார் முழங்கால் போட்டு எழுந்து வந்து கூப்பிட்டாலும் சரி, அவள் போகிறேன் என்று சொல்லாமல் நான் அனுப்பமாட்டேன்.

உன்னோடு அந்த வண்டியில் இருந்த
உன் மூத்த பிள்ளை,
எஸ்தர்