வந்து போகிறவர்கள்: யாரும் இல்லை

ஆடி 19, திங்கள்

சாரல். காற்று வேறு. மாப்பு போட்ட இடமெல்லாம் மறுபடி செருப்புத் தடம். பெங்களூர் விமான நிலையத்தில் இறங்குகிறவர்கள் வெளியே வரும் வாசல்தான் எனக்கு. கட்டிப்பிடித்து அழுவார்கள், பூச்செண்டு பிய்ந்து கொட்டும், நான் பெருக்குவேன். இன்று ரோஜா அதிகம்.

மதியம் சூப்பர்வைசர் மேடம் எல்லாரையும் கூப்பிட்டார். சட்டத்தை இறுக்கிவிட்டார்களாம். பிளேன் ஓட்டுகிறவரோ தரை துடைக்கிறவளோ, எல்லாரையும் போலீஸ் திரும்ப விசாரிக்க வேண்டுமாம். குப்பைத் தொட்டிக்கும் விசாரணை உண்டா என்று கேட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். மேடம் சிரிக்கவில்லை.

"அக்கா, இது சட்டம்க்கா. பழைய பாஸ் இந்த மாசக் கடைசி வரைக்கும்தான். ரிப்போர்ட் வரலேன்னா கேட்ல உள்ள விடமாட்டாங்க."

ஃபாரத்தில் கேட்பது:
பெயர், ஊர்
கேஸ் உண்டா
குடியிருந்த வீடுகள்
குணம் எப்படி
வீட்டுக்கு வந்து போகிறவர்கள் யார்
பல வருஷமாகத் தெரிந்த பக்கத்து வீட்டு ஆள் ஒருவர், கையெழுத்தோடு

கடைசி வரியில் பேனா நின்றுவிட்டது.

ஆடி 20, செவ்வாய்

ஏர்போர்ட் ஹாஸ்டலில் தண்ணீர் இல்லை. சாம்பாரில் மட்டும் நிறைய.

நான்கு நாள் இங்கே, இரண்டு நாள் ஓசூர் வீடு. பதினோரு வருஷமாக அதே லைன் வீடு, ஐந்து ரூம். ஓனர் இருப்பது கோலாரில். மூன்று ரூமில் கம்பெனி ஆட்கள், ஆறு மாசத்துக்கு ஒரு முகம். நிலையாக இருப்பது நானும் புட்டம்மாவும்தான். முழுசாக எழுதினால் கை வலிக்கிறது, பு. போதும்.

பு. என்னோடு பேசி இரண்டு வருஷம். தப்பு என் வாய் செய்தது. அவள் புருஷன் மைசூர் பக்கம் வேலைக்குப் போனவர், வருகிறேன் வருகிறேன் என்று போனில் சொல்லியே வராமல் போய்விட்டார். அன்றைக்குக் குழாயடியில் தண்ணீர் வரவில்லை. "புட்டம்மா வீட்டுக்காரர் மாதிரிதான் இந்தத் தண்ணியும், வரேன்னு சொல்லும், வராது" என்றேன். அத்தனை பேரும் சிரித்தார்கள். பு. காலிக் குடத்தை எடுத்துக்கொண்டு போனாள். அவ்வளவுதான்.

நல்ல ஜோக்தான். அதுதான் கஷ்டம்.

ஆடி 22, வியாழன்

ஓசூர். வீட்டில் எறும்பு. துவரம்பருப்பு தீர்ந்தது. குடை ரிப்பேர்.

ஸ்டேஷனில் ஃபாரம் கொடுத்தேன். ஏட்டு நல்ல மாதிரி. ஒரு நாள் வீட்டுக்கு வந்து விசாரிப்பாராம், பக்கத்து வீட்டு ஆளிடம் சொல்லி வைக்கச் சொன்னார்.

மூன்றாவது ரூம் ஒரிசாப் பிள்ளைகளிடம் கேட்டுப் பார்த்தேன். என் பேர் என்ன, சொல்லுங்கள் என்றேன். ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். "ஹஸ்னேவாலி அக்கா" என்றான் ஒருத்தன். சிரிக்கிற அக்காவாம். ரொம்ப சரி. வந்து நாலு மாசம்தான் ஆகிறது, அவர்கள் கையெழுத்து செல்லாது.

சாயங்காலம் பு. கதவுக்கு முன்னால் போய் நின்றேன். உள்ளே கன்னட சீரியல். கையைத் தூக்கினேன். தட்டவில்லை. அவள் செருப்பு கோணலாகக் கிடந்தது, நேராக வைத்துவிட்டு வந்தேன்.

ஆடி 25, ஞாயிறு

டூட்டியில். ஏட்டு போன். "இன்னைக்கு வந்தேன்மா, வீடு பூட்டிக் கெடந்துச்சு."

பூட்டித்தான் இருக்கும், நான் இங்கே தரை துடைக்கிறேனே ஐயா என்றேன். பரவாயில்லையாம். பக்கத்து வீட்டம்மாவிடம் கேட்டு எழுதி வாங்கிவிட்டாராம். என்ன எழுதினார் என்று கேட்டேன். நேரில் வந்து கையெழுத்துப் போடும்போது தெரியும் என்று வைத்துவிட்டார்.

போச்சு.

அவள் ஒரு வரி மோசமாகச் சொன்னால் போதும், ஏர்போர்ட் கேட்டோடு சரி. இந்த வயசில் வேறு எந்தக் கம்பெனி சேர்க்கும்? அவள் சொன்னால் நியாயம்தான். நானாக இருந்தால் சொல்லியிருப்பேன், ராகம் போட்டு.

இன்று இரண்டு முறை மாப்பை நனைக்காமலே தரையில் போட்டேனாம். மேடம் சொன்னார்.

ஆடி 28, புதன்

வெயில். ஸ்டேஷனில் ஒரு மணி நேரம் பெஞ்ச். எதிரே பைக் தொலைத்தவர், என்னிடமே இரண்டு தடவை நம்பர் சொன்னார்.

ஏட்டு காகிதத்தை எடுத்துப் படித்தார். பு. சொன்னது சொன்னபடி.

"குணம்: வாய் பொல்லாது, கை சுத்தம். வீதியில ஒரு சண்டை சச்சரவு இல்ல. வந்து போகிறவர்கள்: யாரும் இல்லை. பதினோரு வருஷத்துல இவங்க கதவ ஒருத்தரும் தட்டிப் பாத்ததில்ல. தீபாவளிக்கும் இல்ல, பொங்கலுக்கும் இல்ல. உடம்புக்கு முடியாம கெடந்தப்பவும் இல்ல."

கீழே கன்னடத்தில் கையெழுத்து. உருண்டை உருண்டையாக.

ஏட்டு தலையை ஆட்டினார். "இவ்ளோ சுத்தமான ரிப்போர்ட் நான் எழுதினதே இல்லம்மா. வரவும் இல்ல, போக்கும் இல்ல. இதைத்தான் மேல கேக்கறாங்க. பாஸ் வந்துரும்."

சிரித்தேன். பழக்கம்.

டவுன் பஸ்ஸில் ஜன்னல் சீட். பாஸ் கிடைத்துவிடும் என்று யாருக்காவது போன் பண்ணலாம் என்று போனை எடுத்தேன். பேர்களைத் தள்ளிக்கொண்டே போனேன். சூப்பர்வைசர், கேஸ் ஏஜென்சி, வேன் டிரைவர். இறங்க வேண்டிய ஸ்டாப் தாண்டிப் போய்விட்டது.

உடம்புக்கு முடியாமல் கிடந்தது போன வருஷம், ஜுரம். யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தேன். ஒருத்தி சுவருக்கு அந்தப் பக்கம் எண்ணிக்கொண்டு இருந்திருக்கிறாள்.

ஆடி 29, வியாழன்

காலையில் உப்புமா, இரண்டு பேருக்கு. அளவு தெரியாமல் நான்கு பேருக்கு ஆகிவிட்டது.

உப்புமாக் கிண்ணத்தோடு போய் பு. கதவைத் தட்டினேன். மன்னிப்பு கேட்கத்தான் போனேன், குழாயடியில் பேசினது தப்பு என்று சொல்ல. பஸ்ஸிலேயே சொல்லிப் பார்த்தும் வைத்திருந்தேன். கதவு திறந்ததும் வாயில் வந்தது வேறு.

"புட்டம்மா, நீ குடுத்த ரிப்போர்ட்ட பொய்யாக்கணும். என் வீட்டுக்கு ஒருத்தர் வந்துட்டுப் போகணும். அஞ்சு நிமிஷம் வா."

என் முகத்தைப் பார்த்தாள், கிண்ணத்தைப் பார்த்தாள். கதவை மூடிவிடுவாள் என்று பின்னால் ஓர் அடி வைத்தேன். வெளியே வந்தாள். என் வாசல் வரைக்கும் வந்தாள், உள்ளே வரவில்லை. படியில் நின்றபடியே ஒரு வாய் எடுத்துப் போட்டாள். மென்றாள். ரொம்ப நேரம் மென்றாள்.

"உப்பு கம்மி."

சரியாகத்தான் போட்டிருந்தேன். கம்மிதான் என்றேன்.