ஒரே கட்டத்துக்குள் மூன்று பதில்கள்

பிப்ரவரி 3

இன்று முதல் நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன். எனக்குச் சாதகமாக ஒரு வரிகூட மாற்ற மாட்டேன். முதல் உண்மை: கணக்கு வகுப்பில் மேசைக்கடியில் கதைப் புத்தகம் படித்தேன். இரண்டாவது: சித்தி அழுதாள்.

சித்தி பன்னாட்டு வளர்ச்சியில் முதுகலை படிக்கிறாள். என் அறையில்தான் தங்கியிருக்கிறாள். அந்தப் படிப்பில் பொருளாதாரம், சமூகவியல், பொதுச் சுகாதாரம் எல்லாம் கலந்திருப்பதால் அவளுக்கு ஆசிரியர்களும் மூன்று பேர். குழந்தைக்கு உடம்புக்கு வந்தால் மருத்துவமனைக்குப் போகலாம் என்று வீட்டில் யார் முடிவெடுக்கிறார்கள்? இதை ஊர் ஊராகப் போய்க் கேட்பது அவளுடைய ஆய்வு. அதற்கு மூவரும் கையெழுத்துப் போட வேண்டும்; இன்று ஒருவரும் போடவில்லை. ஒருவர் எண்கள் போதாது என்றாராம். இன்னொருவர் எண்களுக்கு நடுவே மனிதர்களைக் காணோம் என்றாராம். மூன்றாமவர், இதனால் எந்தக் குழந்தைக்குக் காய்ச்சல் குறையும் என்றாராம்.

பஸ் ஓட்டும் அப்பா, "ஒரு பஸ்ஸுக்கு மூணு ஸ்டியரிங் வெச்சா எங்க போய்ச் சேரும்?" என்றார். சித்தி சிரித்துவிட்டு மறுபடி அழுதாள்.

பதினான்காம் தேதி இன்னொரு வாய்ப்பு. அதுவும் போனால் ஒரு வருடம் வீண்.

பிப்ரவரி 6

சித்தி ஆய்வுக்கான கேள்வித்தாளை எழுதுவதும் கிழிப்பதுமாக இருக்கிறாள். எனக்கும் படிப்பு ஓடவில்லை.

பிப்ரவரி 8

கேள்வித்தாளை எங்கள் வீட்டிலேயே ஒத்திகை பார்த்தாள். "குடும்பத் தலைவரின் பதில்" என்று ஒரே ஒரு கட்டம்.

"போன மாசம் இவளுக்குக் காய்ச்சல் வந்தப்போ, ஆஸ்பத்திரிக்குப் போகலாம்னு முடிவு பண்ணது யாரு அத்தான்?"

"இதென்ன கேள்வி? நான்தான்."

"அக்கா, நீ என்ன சொல்றே?"

"அதான் அவர் சொல்லிட்டாரே."

சித்தி எழுதிக்கொண்டாள். அம்மா சுவரைப் பார்த்துச் சிரித்ததை நான் மட்டும் பார்த்தேன்.

பிறகு அம்மாவிடம் தனியாகக் கேட்டேன். "உங்கப்பாவா? விடியட்டும் பார்க்கலாம்னு போர்வையை இழுத்தவர்டி அவர். நான்தான் கிளப்பினேன்."

சித்தியிடம் சொல்வதா? கோள்மூட்டுவது ஆகாதா? ஆனால் சித்தியின் ஒரு வருடம்?

பிப்ரவரி 9

சொல்லிவிட்டேன். அடுத்த நிமிடம் அப்பாவைக் கூடத்திலும் அம்மாவைச் சமையலறையிலும் நிறுத்தி, சித்தி அதே கேள்வியைக் கேட்டாள். இருவரும் "நான்தான்!"

"நீ சொல்லு. யாரு?" என்று சித்தி என் பக்கம் திரும்பினாள்.

உண்மையைச் சொன்னேன். நான் அப்பாவின் யூனிஃபார்ம் சட்டை மேல் வாந்தி எடுத்தேன். அதற்குப் பிறகு இருவரும் ஒன்றாகத்தான் எழுந்தார்கள்.

சித்தி என்னைத் தூக்கிச் சுற்றினாள். என் தலை விளக்கில் இடித்தது.

"அடி வாயாடி! ஒரே வீட்டுல மூணு பதில்! நான் ஒரே கட்டம் போட்டு வெச்சிருக்கேனே!"

அப்பா சமையலறை வாசலில் நின்று, "போர்வையை இழுத்தேன்னா சொன்னே?" என்று கேட்டார். "இல்லீங்களா?" என்றாள் அம்மா. சாப்பாடு முடியும்வரை அதே பேச்சு. சித்தி ஒரு வார்த்தை விடாமல் எழுதிக்கொண்டே இருந்தாள்.

பிப்ரவரி 14

பள்ளி விட்டதும் ஓடி வந்தேன். சித்தி படிக்கட்டில் உட்கார்ந்து ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். கையெழுத்துப் போட்டுவிட்டார்கள்! மூவரும்! எத்தனை வீடுகளில் பதில் மாறுகிறது என்று எண்ணலாம் என்று பொருளாதார ஆசிரியர் நிமிர்ந்து உட்கார்ந்தாராம். சமூகவியல் ஆசிரியை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாராம். மூன்றாமவர் கேட்டது: "இந்தச் சண்டையில குழந்தை ஆஸ்பத்திரிக்குப் போறது எத்தனை மணி நேரம் தள்ளிப் போச்சு? அதை அளந்துட்டு வாங்க."

ஒவ்வொரு வீட்டிலும் தனித்தனியாகக் கேட்க வேண்டும் என்பதால் ஐந்து மாத வேலை பத்து மாதம் ஆகிவிட்டது. என்னால்தான். மகிழ்ச்சிதான், ஆனால் பத்து மாதம் சித்தி என் அறையில் இருக்க மாட்டாள்.

மார்ச் 2

சித்தி போய் எட்டு நாள். இன்று போன் செய்தாள். முதல் வீட்டில் கணவர் "நான்" என்றாராம், மனைவி "நான்" என்றாராம். கொல்லையில் இருந்த மாமியார், யாரும் கேட்காமலே, "ரெண்டும் பொய்" என்றாராம். அவருக்கும் ஒரு கட்டம் போட்டாளாம். சிரித்துச் சிரித்து எனக்கு விக்கல் வந்துவிட்டது.

அறை பெரிதாகிவிட்டது. சித்தியின் பாதி மேசையில் இப்போது என் புத்தகங்கள்.

"இன்னும் ஒரு பக்கம் எழுதட்டுமே" என்கிறார் அப்பா. அம்மா விளக்கை அணைத்துவிட்டாள். இது இருட்டில் எழுதிய வரி, கோணலாக இருக்கும்.