ஜெனரேட்டருக்கு விடுமுறை

செப்டம்பர் 14, ஞாயிறு

டாக்டர் சிவசம்பு ஒரு கொலைகாரர். கொல்வது பேட்டரிகளை.

இதய டாக்டர். மனிதனுக்கு லேசாக வேர்த்தாலே ஆஸ்பத்திரிக்கு ஓடச் சொல்வார். தன் படகின் பேட்டரிகள் பாதிக்குக் கீழே இறங்கக்கூடாது என்று அந்தப் படகின் மெக்கானிக் நான் சொன்னால் மட்டும், “அதெல்லாம் தாங்கும் பிள்ளை” என்கிறார். தாங்காது. ஒவ்வொரு வாரமும் ஒட்ட வடித்தால் அப்புறம் எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் நிற்காது.

நங்கூரம் போட்ட இடத்தில் சார்ஜ் ஏற்ற ஜெனரேட்டரை ஓட்டவிட மாட்டார். பக்கத்துப் படகு வெள்ளைக்காரருக்குச் சத்தம் கேட்கக்கூடாதாம். ஆனால் இவர் கரோக்கே பாடுவார். அது கேட்கலாம்.

செப்டம்பர் 17

ஜெனரேட்டருக்கு எண்ணெய் மாற்றினேன். கடல்தண்ணீர் உறிஞ்சும் குழாயின் வடிகட்டியில் ஒரு குட்டி நண்டு. உயிரோடு. இந்தப் படகில் உழைக்கிற இரண்டாவது ஜீவன் என்று நினைத்துக்கொண்டேன். கடலில் விட்டேன்.

செப்டம்பர் 21

புரொப்பெல்லர் தண்டு வெளியே போகிற இடத்தில் கசிவு கூடிவிட்டது. இப்போதைக்குப் பயமில்லை. தண்ணீர் சேர்ந்ததும் பம்பு தானாக ஓடி வெளியே தள்ளிவிடுகிறது. பம்பு ஓடுவது அதே பேட்டரிகளில். அந்த ஒரு வரியை டாக்டருக்கு மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தேன்.

“உங்கட ஆக்களுக்கு எல்லாத்துக்கும் பயம்” என்று சிரித்தார்.

எங்கள் ஆட்கள். மலாயா ரப்பர் தோட்டத்து ஆட்கள். இவர் தாத்தா யாழ்ப்பாணத்திலிருந்து வந்து தோட்டத்து ஆபீசில் நாற்காலியில் உட்கார்ந்தவர். அந்த நாற்காலியிலிருந்து இவர் இன்னும் எழுந்திருக்கவில்லை.

வாயை மூடிக்கொண்டேன். நவம்பரில் படகு லங்காவித் தீவுக்குப் போகிறது, என்னையும் சம்பளத்தோடு கூட்டிப்போவதாகச் சொல்லியிருக்கிறார். அது நடந்தால் வேறு படகுகளும் கூப்பிடும். நடக்காவிட்டால் ஸ்கூடாயில் இருக்கும் தோழி லோஷினி மாதிரி விடியும் முன்னால் வேலைக்குப் போகச் சிங்கப்பூர் பாலத்தில் மோட்டார்சைக்கிளோடு நிற்க வேண்டும்.

செப்டம்பர் 29

ஆயுத பூஜை படகில்தானாம். பொந்தியானுக்கு அப்பால், பீசாங் தீவு ஓரம் நங்கூரம் போட்டு. விருந்தாளி, வக்கீல் பிரேமகுமார். டாக்டரின் பள்ளித் தோழர்.

கசிவைச் சரிசெய்துவிட்டுப் போகலாம் என்றேன். “வந்து பார்ப்பம்” என்றார்.

அக்டோபர் 1, புதன்

மாலை ஐந்து மணி. கோபத்தில் எழுதுகிறேன்.

டாக்டர் மனைவி சுபத்திரா ஆண்ட்டி ஜெனரேட்டருக்குத் திருநீறு, சந்தனம், குங்குமம் எல்லாம் வைத்தார். கழுத்து இல்லாததால் மேலே படுக்கவைத்த மாதிரி ஒரு செவ்வந்தி மாலை. அதுவரை சரி. நானும் கும்பிட்டேன், எனக்கும் அதன்மேல் பாசம் உண்டு. அப்புறம் டாக்டர் அதன் சாவியை எடுத்து சரஸ்வதி படத்துக்கு முன்னால் தாம்பாளத்தில் வைத்தார்.

“நாளைக்குக் காலமை பூசை முடியுமட்டும் ஒருத்தரும் தொடக்கூடாது. அதுக்கும் ஓய்வு வேணும்.”

“டாக்டர், பேட்டரி பாதிக்கு வந்துருச்சு. பம்பு அதுலதான் ஓடுது லா. சாயங்காலம் கொஞ்ச நேரமாவது சார்ஜ் ஏத்தணும்.”

“ரூபினி. தொடாதே எண்டு சொன்னனே.”

வக்கீல் சிரித்தார். “பிள்ளை சாமியோட வழக்காடுறா.”

எங்கள் அப்பாவும் ஆயுத பூஜை கும்பிடுவார். லாரிக்குப் பொட்டு வைத்து, டயருக்கடியில் எலுமிச்சம்பழத்தை நசுக்கி, அதே லாரியில் பாசிர் கூடாங் துறைமுகத்துக்கு லோடு ஏற்றப் போவார். கருவிக்கு ஓய்வு கொடுப்பது, தனக்கு லீவு உள்ளவர்களின் பக்தி.

பிரிட்ஜை அணைத்தேன். பீர் சூடாகுமென்று டாக்டர் மறுபடி போட்டார். கரோக்கே பெட்டி மங்கியதும் பெரிய இன்ஜினின் பேட்டரியையும் சேர்த்து இணைத்துவிட்டார். இனி அதுவும் வடியும்.

ஜெனரேட்டரைக் கிளப்பத் தனியாக ஒரு சின்ன பேட்டரி இருக்கிறது. அது எங்கே என்று மட்டும் அவருக்குத் தெரியாது. நல்லவேளை.

அக்டோபர் 2

உயிரோடு இருக்கிறோம்.

விடிகாலை படுக்கையிலிருந்து காலைக் கீழே வைத்தேன் — தண்ணீர். பம்பு சத்தமே இல்லை. பேட்டரி செத்துவிட்டது. பெரிய இன்ஜின் ஒரு முறை முனகி நின்றது. தாம்பாளத்துச் சாவியை எடுக்க ஓடினேன்.

சுபத்திரா ஆண்ட்டி தூக்கக் கலக்கத்தில் தடுத்தார். “குளிச்சிட்டுத் தொடு பிள்ளை.”

“குளிக்கவா? தண்ணி கணுக்கால் வரைக்கும் வந்துருச்சு ஆண்ட்டி! இங்கயே குளிச்ச மாதிரிதான்!”

வக்கீலிடம் கைப்பம்பின் பிடியைக் கொடுத்து, நிறுத்தாமல் அடிக்கச் சொன்னேன். அடித்தார். பாவம், வாழ்க்கையில் முதல் தடவையாகக் கையால் வேலை. டாக்டர் எல்லோருக்கும் மிதவை அங்கி கட்டினார். தனக்கு முதலில்.

ஜெனரேட்டர் கிளம்பியது, திணறியது, நின்றது. மறுபடி கிளம்பியது, நின்றது. டீசல் இருந்தது. என்னடா உனக்கு, என்னடா கேடு? ஜெனரேட்டரை மூடியிருந்த பெட்டியைத் திறந்தால் — மாலை. படகின் ஆட்டத்தில் சரிந்து காற்று உறிஞ்சும் வாயில் ஒட்டிக்கிடந்தது. உள்ளே நனைந்த செவ்வந்தி இதழ், பிடிப்பிடியாக. தோண்டித் தோண்டி எடுத்தேன். மூன்றாவது தடவை பிடித்துக்கொண்டது. பம்பு ஓடியது. நான் தரையில், தண்ணீரிலேயே உட்கார்ந்து அழுதேன். அலமாக்! ஐயோ, எதுக்கு அழுதேனோ.

“பாத்தியா பிள்ளை,” என்றார் டாக்டர். “பூசை காப்பாத்தினது.”

அக்டோபர் 6

படகுத்துறையில் கதை எனக்கு முன்னால் வந்து சேர்ந்திருக்கிறது. “சார்ஜ் ஏத்த மறந்த பொண்ணு நீதானா?” — காப்பிக்கடையில் செல்வா கேட்டான். பக்கத்துப் படகில் பெயின்ட் அடிப்பவன். கேலிக்குத்தான் கேட்டான். ஆனால் படகு வைத்திருப்பவர்கள் எல்லோரும் காப்பி குடிப்பது அதே கடையில்.

அக்டோபர் 9

லங்காவிக்கு வேறு ஆள்.

அக்டோபர் 11, சனி

கெலாங் பாத்தாவிலிருந்து படகுத்துறைக்கு பஸ் பிடித்துப் போனேன், என் ஸ்பேனர்களை எடுக்க. நஷ்டத்தைக் கணக்கெடுக்க இன்சூரன்ஸ்காரர் வந்திருந்தார். மேல்தளத்தில் டாக்டர், சுபத்திரா ஆண்ட்டி, வக்கீல். புது பேட்டரிகள் பளபளவென்று அட்டைப்பெட்டியில்.

“வேலைக்கு வச்ச பிள்ளை சார்ஜ் ஏத்த மறந்துபோச்சு” என்று டாக்டர் சொல்லிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தும் நிறுத்தவில்லை. அதற்காகவாவது அவரைப் பாராட்ட வேண்டும்.

ஸ்பேனர் பையைக் கீழே வைத்தேன்.

“டாக்டர், இவர் முன்னாடி சொல்லுங்க. சாவிய தாம்பாளத்துல வச்சது யாரு?”

டாக்டர் கடலைப் பார்த்தார். ஆண்ட்டி இன்சூரன்ஸ்காரருக்கு இன்னொரு வடை வைத்தார்.

“நீங்க வக்கீல்தானே அங்கிள். நீங்களாவது சொல்லுங்க. ஜெனரேட்டர தொடாதேன்னு என்கிட்ட சொன்னது யாரு?”

பிரேமகுமார் உள்ளங்கையில், கைப்பம்பு அடித்ததில் வந்து காய்ந்துபோன கொப்புளத்தை நகத்தால் உரித்துக்கொண்டிருந்தார்.

“சொல்லுங்க அங்கிள்.”